மேஜை துடைத்தவர்கள்

வாம்மா, வா. செருப்ப உள்ளேயே கழத்திப் போடு, வெளிய போட்டா தெருநாய் தூக்கிட்டுப் போயிரும். மியூசியத்துலேருந்துதானே வாரே? போன்ல பேசினது நீதானா? குரலக் கேட்டுப் பெரிய ஆளுன்னுல்லா நெனச்சேன், பாத்தா பச்சப்பிள்ளையா இருக்கே. டாக்டருக்குப் படிச்சுட்டு மியூசியத்துலயா வேலை பாக்கே? என்னத்தச் சொல்ல. எங்க வீட்டுல ஒருத்தன் அப்பிடிச் சொல்லியிருந்தா எங்க மாமனாரு வீட்ட விட்டே வெரட்டியிருப்பாவ. கோவிச்சுக்காத மக்களே, மனசுல பட்டதச் சொன்னேன். பேரு என்ன சொன்னே, செண்பகவல்லியா? கோவில்பட்டிப் பக்கமா? நெனச்சேன்.

ஆளுக வேன்லயே இருக்கட்டும். நூத்தம்பது வருசமாக் கிடக்கிற மேஜை, இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தா தேஞ்சா போயிரும்? காப்பியக் குடி. முந்திரிக்கொத்து எடுத்துக்கோ, நானே செஞ்சது. ஏன் கப்பக் கையிலேயே வச்சிருக்கே? மேஜை மேல வை. அட, வைம்மா. அஞ்சு தலைமுறையா அதுல வச்சுத்தான் சாப்பிடுதோம், எங்களுக்கு என்ன கொள்ளையா வந்துட்டுது?

கப்பு மெல்ல நழுவுது பாரு. லேசாச் சாய்வு உண்டு. நடுவுல வாய்க்கா மாதிரி ஒரு பள்ளம் ஓடுதுல்லா, அது இந்தக் கோடியில ஓட்டையில வந்து முடியும். இப்ப கார்க் வச்சு அடச்சிருக்கு. அந்தக் காலத்துல அதுக்கு நேர் கீழ மண்சட்டி இருக்குமாம், ரத்தம் வடிய. எங்க வீட்டுப் பிள்ளைங்க வேணும்னே ரசத்தக் கொட்டி அந்த வழியா ஓடவிட்டு வெளையாடும். ஓரத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் வார் போட்டுக் கட்டுறதுக்கு. எங்க மாமி அதுல ஊதுபத்தி சொருகி வைப்பாவ, ஈ வராம.

அந்தப் படத்துல தாடி வச்சிருக்காவல்லா, அவுகதான் பெரிய டாக்டர். யோசேப்பு மாசிலாமணி. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டனாரோட அப்பா. வெள்ளைக்கார தொரைமாரே வயித்தத் தொறக்கப் பயந்த காலம்மா அது. கையி காலு வெட்டுவாங்க, கண்ணுல பூ எடுப்பாங்க. வயித்தத் தொறந்தா ஆள் பொழைக்காதுன்னு ஒரு முடிவு. அந்தக் காலத்துல, இந்த ஆத்தங்கரை மிஷன் ஆஸ்பத்திரியில, இந்த மேஜையில, ஒரு பொம்பளையோட வயித்தத் தொறந்து கட்டிய எடுத்தாவ. இருபத்தெட்டு ராத்தல் கட்டி! பொம்பளையும் பொழச்சா. கட்டிய சாராய ஜாடியில போட்டுச் சீமைக்கு அனுப்பினாவ. அங்கேருந்து தங்க மெடல் வந்துச்சு. அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கு, போகும்போது பாத்துட்டுப் போ. மெடலத் தர மாட்டேன், கேட்டுராத.

என்னது? அந்தப் பொம்பளை பேரா?

பேரு யாருக்கும்மா தெரியும்? ஆஸ்பத்திரியில கல்லு வச்சிருக்கு, அதுல பெரிய டாக்டர் பேரு இருக்கு, கட்டியோட எடை இருக்கு. இவ பேரு இல்ல. மேஜைக்குப் பக்கத்துல அட்டை எழுதி வைக்கணும்னா ‘ஒரு ஏழைப் பெண்’ன்னு எழுதிக்கோ. அது போதும். உப்பளத்துல வேலை பாத்தவளாம், பக்கத்துக் கிராமம். கலியாணமாகிப் பல வருசம் கழிச்சு வயிறு பெருசாகுது. பிள்ளைன்னுதான் நெனச்சிருக்கா. ஊரும் அப்பிடித்தான் நெனச்சிருக்கு. வளையல் எல்லாம் போட்டுருக்காங்க. பத்து மாசமும் தாண்டி வயிறு பாட்டுக்குப் பெருசாயிக்கிட்டே போகுது, மூச்சு விட முடியல. புருசன்காரன் வண்டியில போட்டுக் கொண்டாந்தான். பெரிய டாக்டர் தொட்டுப் பாத்தவுடனே கட்டின்னு சொல்லிட்டாவ. புருசன், ‘உங்க இஷ்டம் சாமி’ன்னு கால்ல விழுந்தான். அப்புறம் என்ன? வேலை ஆரம்பிச்சாச்சு.

இது எங்க வீட்டுல வருசா வருசம் சொல்லுற கதையாக்கும். அந்த ஆப்பரேசன் நடந்த நாள்ல ஸ்தோத்திர விருந்து வைப்போம். குருவானவர் வருவாரு, ஆஸ்பத்திரிக்காரங்க வருவாங்க, சொந்தக்காரங்க எல்லாரும் இந்த மேஜையைச் சுத்தி உக்காருவோம். குடும்பத்துல மூத்த டாக்டர் எழுந்திரிச்சுக் கதையச் சொல்லணும். மயக்க மருந்து பாதியில தீந்துபோச்சு, அடுத்த புட்டி கப்பல்ல வரணும். கட்டி இன்னும் உள்ள இருக்கு. பொம்பளை முழிச்சுக்கிட்டா. முழிச்சவ மொதல்ல கத்தல. டாக்டர் மூஞ்சியப் பாத்து, ‘ஐயா, எனக்கு என்ன செய்யுதீய?’ன்னு கேட்டாளாம். கையில கத்தியோட பெரிய டாக்டர் சொன்னாவளாம், ‘உனக்கு ஒண்ணும் செய்யலம்மா, உன் வயித்துக்குத்தான்!’

இந்த எடத்துல எல்லாரும் சிரிக்கணும். மேஜையத் தட்டிச் சிரிப்போம். நீ சிரிக்கலியா? சரி. பழக்கமில்லாதவங்களுக்கு ஒடனே சிரிப்பு வராது.

அப்புறம் பாட்டு. அன்னைக்கு அவ சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு கம்பவுண்டர்மார், நர்சம்மா, வாசல்ல நின்ன தோட்டக்காரன் வரைக்கும் சேந்து ஒரு கீர்த்தனையப் பாடினாங்களாம். கட்டிய எடுத்துத் தையல் போடுற வரைக்கும் திருப்பித் திருப்பி அதே பாட்டு. அந்தப் பாட்ட இன்னைக்கும் விருந்துல பாடுதோம். சத்தமாத்தான் பாடணும். மெதுவாப் பாடினா எங்க மாமாவுக்குப் பிடிக்காது. ‘தொண்டையில என்ன, கிச்சிலிக்காயா மாட்டிருக்கு?’ன்னு ஏசுவாவ.

கடைசியாச் சேலை. இது வெளியாளுக்குத் தெரியாது, உனக்குச் சொல்லுதேன். விருந்து முடிஞ்ச பெறவு இந்த வீட்டு மருமவ, அடுக்களை வாசல்ல ஒரு ஏழைப் பொம்பளைக்கு நூல் சேலை குடுக்கணும். வாங்குறவ வாயத் தொறக்கக் கூடாது. ‘நல்லாயிருங்க’ன்னுகூடச் சொல்லக் கூடாது. பேசாம வாங்கிட்டுப் பேசாமப் போயிரணும். முன்னாடியே சொல்லித்தான் வரவைப்போம். எதுக்கு இப்பிடின்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆம்பளைங்க யாருக்குமே தெரியாது. எங்க மாமிக்கு அவுக மாமி சொல்லி, அவுக எனக்குச் சொன்னாவ.

அந்தப் பொம்பளை பொழச்சான்னு சொன்னேம்லா, பொழச்சவ சும்மா இருந்தாளா? வருசம் ஒருக்கா அதே நாள்ல நடந்து வந்து அடுக்களை வாசல்ல நிப்பாளாம். ‘அம்மா, என் வயித்துல இருந்து என்னத்த எடுத்தீய? அத எங்க வச்சிருக்கீய? ஒருக்காக் காட்டுங்க’ன்னு கேப்பாளாம். எடுத்தது சீமையில ஜாடிக்குள்ள இருக்கு, எங்கேருந்து காட்ட? பெரிய டாக்டர் வீட்டம்மா ஒரு சேலையக் கையில குடுத்து, ‘வாங்கிட்டுப் பேசாமப் போ’ன்னு அனுப்பிருவாவளாம். அவ சாகுற வரைக்கும் வந்தாளாம், கூன் விழுந்த பெறவும் வந்தாளாம். பாவம், படிப்பறிவு இல்லாத ஜென்மம். உசுரக் குடுத்தவங்க வாசல்ல வந்து யாராவது கணக்குக் கேப்பாங்களா? நீயே சொல்லு.

செத்த பெறவும் போகல. அதுக்குத்தான் உன்னயக் கூப்பிட்டேன்.

சிரிக்காத. நான் பிஎஸ்ஸி படிச்சவ, பேய் பிசாசு கதையெல்லாம் எங்கிட்ட வேகாது. கேட்டதச் சொல்லுதேன். கலியாணமாகி வந்த மறுநாள், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் எழுந்திரிச்சாச்சு. எங்க மாமி ஈரத்துணிய எங் கையில குடுத்து, ‘மேஜையத் தொடை புஷ்பம். தொடைக்கும்போது ஏதாவது கேட்டுச்சுன்னா பாடு. சத்தமாப் பாடு’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தக் கோடியிலேருந்து தொடச்சுக்கிட்டே வாரேன். இந்த ஓட்டைகிட்ட துணி வந்தவுடனே பக்கத்துல நின்னு கேக்குற மாதிரி, ‘என்னத்த எடுத்தீய?’ன்னு ஒரு பொம்பளைக் குரல். அதட்டல் இல்ல, அழுகை இல்ல. கடையில போயி சாமான் கேக்குற மாதிரி. வாயில வந்த பாட்டப் பாடினேன். அடுக்களையில எங்க மாமியும் கூடச் சேந்து பாடினாவ. அன்னையிலேருந்து பாடிக்கிட்டேதான் தொடைக்கேன்.

வீட்டு ஆம்பளைங்களுக்குக் கேட்டதே இல்ல. எப்பிடிக் கேக்கும்? என்னைக்கு அவுங்க மேஜை தொடச்சாங்க?

இத எல்லாம் நான் ஒரு கொறையாச் சொல்லல மக்களே. ராணி மாதிரி வச்சிருந்தாவ. எங்க வீட்டுக்காரரு இருக்காவளே, அந்தப் பக்கத்துப் படம், டாக்டர் தேவநேசன், அவுக எனக்கு ஒரு மாத்திரை வேணும்னாக்கூட வாயில போட்டுத் தண்ணி குடுப்பாவ. என்ன மாத்திரைன்னு நான் கேட்டதில்ல. எட்வின் பொறந்த மறுவருசம் லேசா வயித்து வலின்னேன், அவ்வளவுதான், கூட்டிட்டுப் போயி அவுக கையாலேயே குடல்வால் ஆப்பரேசன் பண்ணிட்டாவ. தழும்புகூடத் தெரியாது, இங்கன, தொப்புளுக்குக் கீழ, சின்னதா. பெறவு பிள்ளை நிக்கல. ஆண்டவர் ஒண்ணு போதும்னு நெனச்சுட்டாரு. எனக்குப் பொம்பளப் பிள்ளைன்னா உசுரு. பேருகூட வச்சிருந்தேன், ஜாய்ஸ்னு. வேலூருக்குப் போயி ஒரு டாக்டரப் பாக்கலாமான்னு ஒருக்கா கேட்டேன். ‘வீட்டுல டாக்டர வச்சுக்கிட்டு வெளிய போவியா?’ன்னு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அத விடு.

ஏன் என் வயித்தயே பாக்கே? காப்பி ஆறுது, குடி.

நான் சொல்ல வந்தது என் மருமவ ஹெப்சி கதை. தூத்துக்குடிக்காரி. பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர். என் மவன் எட்வினும் சர்ஜன்தான், அவனா இஷ்டப்பட்டுக் கட்டிக்கிட்டான். நல்ல பிள்ளைதான், நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா வாயி! மாமியார் உடைச்சா மண்குடம், மருமவ உடைச்சா பொன்குடம்னு எல்லாரும் எம்மேலதான் பாய்வாங்க, அதனால நான் கம்முனு இருந்துக்கிடுவேன். அவ வந்த மறுநாள் எங்க மாமி எனக்குச் சொன்னத நான் அவளுக்குச் சொன்னேன். துணியக் குடுத்தேன். அடுக்களைக்குப் போயிட்டேன். பாட்டுச் சத்தம் வரும்னு காதத் தீட்டிக்கிட்டு நிக்கேன்.

பாட்டு வரல. பேச்சு வருது. எட்டிப் பாத்தா, இவ தொடச்சுக்கிட்டே மேஜைகிட்டப் பேசிக்கிட்டு நிக்கா. ‘அது கட்டிக்கா. பிள்ளை இல்ல. உங்க சினைப்பையில வளந்த கட்டி. அத எடுக்கலன்னா நீங்க செத்துப் போயிருப்பீங்க. ஆனா உங்ககிட்டச் சொல்லிட்டு எடுத்திருக்கணும். சொல்லாம எடுத்தது தப்புதான்.’

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பெரிய டாக்டரத் தப்புச் சொல்ல இவ யாரு? ‘ஏட்டி, யாருகிட்டப் பேசுதே?’ன்னு கத்தினேன். ‘கேக்காங்க மாமி, பதில் சொன்னேன்’ங்கா. எவ்வளவு லேசாச் சொல்லுதா பாரு! தினமும் இதே பாட்டுத்தான். தொடைக்கிறதும், ‘அக்கா, அது கட்டிக்கா’ன்னு ஆரம்பிக்கிறதும். ஒருநாள் சங்குப் பூ ஒண்ணப் பறிச்சு அந்த ஓட்டைகிட்ட வச்சிருக்கா. நான் எடுத்து எறிஞ்சேன்.

அவ வந்த பெறவு சத்தம் நின்னு போச்சு. அது உண்மைதான், சொல்லணும்லா. நானே ஒண்ணு ரெண்டு தடவை தொடச்சுப் பாத்தேன். பாடாம, மூச்சக்கூட விடாம நின்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல. பெரியவங்க ஜெபத்துக்குப் பலன் வந்துட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

மொத பிள்ளை பையன், பேரு ஜோயல், இப்ப ஒண்ணாங்கிளாஸ். என் உசுரு அவன். அடுத்தது பொம்பளப் பிள்ளை. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! ஜாய்ஸுங்கிற பேரத் தூக்கிக் குடுத்தேன். ஆனா பிள்ளைக்கு நெஞ்சு சரியில்ல, கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க, மூணாம் நாள் ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு. இந்தக் கையால துணி சுத்தித் தந்தேன் மக்களே. அழுவலன்னு நெனைக்காத, அழுது தீந்து போச்சு.

அந்தப் பிள்ளைய எடுக்க வயித்துல ஆப்பரேசன் நடக்கும்போது நான் தியேட்டர் வாசல்லதான் இருந்தேன். எட்வின் பாதியில வெளிய வந்தான். ‘அம்மா, கர்ப்பப்பை மெலிஞ்சு போயிருக்கு. அடுத்த பிள்ளை தாங்குமான்னு சந்தேகமா இருக்கு. இப்பவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணி விட்ரட்டுமா?’ன்னு கேட்டான். எங்கிட்டக் கேட்டாம்மா! இந்தக் காலத்துல எந்த மவன் அம்மாகிட்டக் கேப்பான்? எனக்குப் பெருமையாப் போச்சு. ‘பண்ணி விட்ருய்யா’ன்னேன். அவகிட்டயா? அவ முழிச்சுத்தான் இருந்தா. முதுகுல ஊசி போட்டா முழிப்பு இருக்கும்லா, தலைக்கும் வயித்துக்கும் நடுவுல பச்சைத் துணி கட்டியிருப்பாங்க. அந்த நேரத்துல போயி அவளக் கொழப்புவானேன்? வயித்தத் தொறந்து போட்டுட்டு ஆலோசனையா நடத்த முடியும்? நல்லதுதானே செஞ்சோம். பெறவு பிள்ளை செத்துப் போச்சு, அந்தத் துக்கத்துல இதச் சொல்லவா முடியும்? அப்பிடியே தள்ளிப் போச்சு.

இவ வருசம் பூரா அடுத்த பிள்ளை, அடுத்த பிள்ளைன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. எங்களுக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போச்சுன்னா மூஞ்சி மலர்ந்துரும், பெறவு ரெண்டு நாள்ல வாடிப்போயிரும். நான் அதக் கவனிச்சேன், கவனிக்காம இல்ல. என்னத்தச் சொல்ல முடியும்? தூத்துக்குடிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போனவ, அங்கன ஒரு லேடி டாக்டர்கிட்டக் காட்டியிருக்கா. அவுங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

திரும்பி வந்தா. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எட்வின் அந்தக் கோடியில, நான் இங்கன, ஜோயல் நடுவுல. இவ ஒக்காரல. பையைக்கூடக் கீழ வைக்கல. புருசன் மூஞ்சிய நேராப் பாத்து, ‘என் வயித்துல என்ன செஞ்சீங்க?’ன்னு கேட்டா.

அது ஹெப்சி குரலே இல்ல. வார்த்தைதான் கொஞ்சம் வேற, குரல் அதே குரல். அதட்டல் இல்ல, அழுகை இல்ல. கடையில சாமான் கேக்குற குரல். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, அந்தப் பொம்பளை இவ மேல ஏறிட்டா. இவ தெனமும் பேசிப் பேசி எடங்குடுத்தா, அவ உள்ள வந்துட்டா.

எட்வினுக்கு என்ன தெரியும்? பிள்ளை முன்னாடி சண்டை வேண்டாம்னு நெனச்சிருப்பான். லேசாச் சிரிச்சுக்கிட்டு, ‘உனக்கு ஒண்ணும் செய்யலம்மா, உன் வயித்துக்குத்தான்’னான்.

நானும் சிரிச்சேன். வீட்டுச் சிரிப்புல்லா, தானா வந்துருது. ஜோயல்கூட மேஜையத் தட்டிச் சிரிச்சான்.

அவ சிரிக்கல. ஜோயல் கையைத் தண்ணி விட்டுக் கழுவினா, வாயத் தொடச்சா, பையோட அவனையும் கூட்டிக்கிட்டு நடந்துட்டா. ரசம் கவுந்து பள்ளம் வழியா ஓடி ஓட்டைகிட்ட வந்து நிக்குது. அத நான்தான் தொடச்சேன். துணி வச்சவுடனே கேட்டுச்சு. ‘என்னத்த எடுத்தீய?’ இத்தன வருசம் சும்மா கிடந்தது திரும்ப ஆரம்பிச்சுட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நீ படிச்ச பிள்ளை, சொல்லு.

எட்டு மாசமாச்சு. வீடு வீடா இல்ல மக்களே. எட்வின் ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கான். ஜோயலோட சைக்கிள் அந்த மூலையில நிக்கி, டயர்ல காத்து இறங்கிப்போச்சு, நான் தெனமும் தொட்டுப் பாப்பேன். அவன் இல்லாம எனக்குச் சோறு எறங்கல. அவன் என்கிட்டத் திரும்பி வரணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அதுக்காகத்தான் இந்த மேஜையத் தாரேன். சொந்தக்காரங்கல்லாம் என்னய ஏசுதாங்க. ஏசட்டும், ஊரு வாய மூட உலைமூடியா இருக்கு? மேஜை வெளிய போனா அந்தப் பொம்பளையும் போயிருவா. அவ போனா ஹெப்சி ஹெப்சியா ஆயிருவா. கிறிஸ்மஸுக்கு வந்துருவாங்க.

நேத்து போன் பண்ணி அவகிட்டச் சொன்னேன். ‘மேஜைய மியூசியத்துக்குக் குடுத்துட்டேம்மா, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க, இனி பயமில்ல’ன்னு. அதுக்கு அவ சொல்லுதா, ‘மேஜை எங்க கிடந்தா எனக்கு என்ன மாமி? நான் கேட்டதுக்கு யாராவது ஒரு பதில் சொல்லுங்க. சொல்லாமச் செஞ்சோம், தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஜோயலக் கூட்டிட்டு நானே வாரேன்.’ பாத்தியா? பிடிச்ச பிடிய விட மாட்டேங்கா. அரைச்ச மாவையே அரைக்கா. இன்னும் அந்தப் பொம்பளை எறங்கல. மேஜை போகட்டும், தன்னால எறங்கும்.

சரி, கூப்பிடு உன் ஆளுகள. டிரைவரையும் கூப்பிட்டுக்கோ, ரெண்டு பேருக்கு அசையாது. கார்க்கு பத்திரம், விழுந்துரும். ஏ தம்பி, கதவுல இடிக்காம, சாய்ச்சு எடு, அப்பிடி, அப்பிடித்தான். எங்க மாமா பாத்தா நெஞ்சு வெடிச்சிருக்கும். தூக்குங்க, தூக்குங்க. என்னயப் பாக்காதீங்க, நான் அழல. தூசி.

போச்சு.

கூடம் என்ன இவ்வளவு பெருசா இருக்கு. பாரும்மா, நாலு கால் தடமும் தரையில அப்பிடியே கிடக்கு. எவ்வளவு அழுக்கு! சோத்துப் பருக்கை எல்லாம் காஞ்சு ஒட்டிக்கிட்டு. அந்தத் துணிய எடு. அட, நீ செய்யாத, விருந்தாளி. நானே தொடைக்கேன். கை பழகின வேலை.

எங்க போறே? இரு. காயிதத்துல கையெழுத்து அப்புறம் போடலாம்.

செண்பகவல்லி. உனக்குக் கேட்டுச்சா?

இல்லியா? மேஜைதான் போயிட்டுதே. வேன்ல ஏத்தியாச்சு, கயிறு கட்டுறானுங்க, சன்னல் வழியாத் தெரியுது. அப்ப இங்கன கேக்குறது யாரு? பாடலாம்னு வாயத் தொறந்தேன் மக்களே. பாட்டு வரல. ‘என் வயித்துல என்ன செஞ்சீய?’ன்னுல்லா வந்துச்சு. என் வாயிலேருந்து. என் குரல்ல.

நான் எதுக்கு அப்பிடிக் கேக்கேன்? எனக்கு யாரு என்ன செஞ்சா? எனக்குக் குடல்வால்லா எடுத்தாவ. அவுகதான் சொன்னாவ, குடல்வால்னு. அந்தப் படத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காவ பாரு, அவுகதான்.

கிட்ட வா. அப்பலேருந்து என் வயித்தயே பாத்துக்கிட்டு இருந்தியே, நான் கவனிக்கலன்னு நெனச்சியா? நீ டாக்டருக்குப் படிச்ச பிள்ளை. குடல்வால் எடுத்தா தழும்பு எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கமா? அப்ப நடுவுல, தொப்புளுக்குக் கீழ, இவ்வளவு சின்னதா இருந்தா அது என்ன ஆப்பரேசன்?

ஏன் தலையக் குனியுதே? சேலைய வாங்கிட்டுப் பேசாமப் போகவா நிக்கேன் நான்? ஜாய்ஸுன்னு பேரு வச்சுக் காத்துக்கிட்டு இருந்தேன்டி. பதில் சொல்லு மக்களே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.